ஏப்ரலில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை: பெங்களூரின் உச்சிச் சூரியன்

ஏப்ரல் 24 அன்று எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்களோடு மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டு, நண்பகலில் அதன் நிழல் மறைவதைப் பார்த்தோம். நான் புவியியல் ஆசிரியராக இருந்தவன். அதனால் அப்புறம் எழுந்த கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்தன.

சார், சூரியன் உச்சத்துக்கு வருவது ஜூன் 21 என்றுதானே படித்தோம்?

அது கடகரேகைக்காரர்களுக்கு. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் இடம் டிசம்பரில் மகரரேகையில் தொடங்கி, ஜூனில் கடகரேகையைத் தொட்டுத் திரும்புகிறது. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். போகும்போது ஏப்ரல் 24 வாக்கில் நம்மைக் கடக்கிறது, திரும்பும்போது ஆகஸ்ட் 18 வாக்கில். டெல்லி கடகரேகைக்கும் வடக்கே இருப்பதால் அங்கே குச்சியின் நிழல் ஒருநாளும் முழுதாக மறையாது.

அப்படியானால் ஆகஸ்டில் ஏன் வெயில் கொளுத்துவதில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏப்ரலில் இங்கே பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி, ஆகஸ்டில் 28-ஐ ஒட்டித்தான். சூரியன் நிற்கும் உயரம் இரண்டு மாதத்திலும் ஒன்றுதான். ஏப்ரலில் வானம் வெறிச்சோடிக் கிடக்கும், மண் காய்ந்திருக்கும், விழும் வெயிலெல்லாம் தரையைச் சுடும். ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் வெளிச்சத்தில் கணிசமான பங்கை மேலேயே திருப்பிவிடுகிறது. கீழே வந்ததிலும் பெரும்பங்கு ஈர மண்ணை உலர்த்துவதில் செலவாகிறது. அந்த மேகத்தை இங்கே இழுத்து வந்ததும் சூரியன்தான். வடக்கே நகர்ந்து நிலத்தைச் சூடாக்கி, கடல்காற்றை உள்ளே வரவழைத்தது அதன் வேலை.

சென்னையும் கிட்டத்தட்ட இதே 13 டிகிரிதான். ஆனால் மே மாதம் நமக்கு இடிமழை, அங்கே கத்திரி வெயில். நாம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதும் ஒரு காரணம்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று சொல்லி வீட்டை விற்றார்கள். ஜூனில் திரை போடவேண்டியிருக்கிறதே?

சொன்னது தவறு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். உச்சி வெயிலைச் சன்ஷேட் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வருவதற்குத் திரைதான் வழி.

ஜனவரியில் சூரியனுக்கு அருகில் இருக்கிறோமாமே, பின்னே ஏன் குளிர்?

அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. அந்தச் சிறு வித்தியாசத்தை விடச் சாய்வுக்கு வலு அதிகம். டிசம்பர் நண்பகலில் சூரியன் இங்கே 54 டிகிரி உயரத்தில் நிற்கிறது, டெல்லியில் 38 தான். நம் குளிர் ஸ்வெட்டரோடு முடிந்துவிடுவது அதனால்தான்.

நம் பெங்களூர் கவிபுரம் குகைக்கோயிலில் சங்கராந்தி மாலை லிங்கத்தின் மேல் வெயில் விழுகிறதே, அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறதா?

திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், மகர ராசியில் சூரியன் நுழையும் நாள் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒருநாள் வீதம் தள்ளிப்போய், ஜனவரி நடுவுக்கு வந்துவிட்டது. சரி, இன்னொன்று: வடக்கே போகும் வழியில் ஜனவரி நடுவில் மறையும் அதே இடத்தில்தான், தெற்கே போகும் வழியில் நவம்பர் கடைசியிலும் சூரியன் மறைகிறது. சங்கராந்திக் கூட்டத்தில் பார்க்க முடியாதவர்கள் நவம்பர் கடைசி வாரம் ஒரு மாலை போய்ப் பாருங்கள்.