வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குப் பண உதவி எங்கே கிடைக்கும்?

கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கம் வீடு, அம்மா பக்கவாதத்தில் படுக்கை, பார்த்துக்கொள்ள வேலையை விட்டாயிற்று, உடன்பிறந்தவர்கள் வெளியூரில். இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அரசு ஏதாவது தருமா, வேறு வழி உண்டா?

எனக்கு ஊர் கோட்டையூர். எங்கள் ஆத்தாவுக்கும் (அம்மாவுக்கும்) இதே பக்கவாதம், வலது பக்கம் முழுவதும். அப்பச்சி (அப்பா) முன்பே போய்விட்டார்கள். அண்ணன் சிங்கப்பூர், தம்பி சென்னை. பள்ளிக்கூட வேலையை விட்டு நான்தான் பார்க்கிறேன். அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நேரான பதில். "பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்" என்ற ஒரே காரணத்துக்காக மாதா மாதம் பணம் தரும் திட்டம் நம் மாநிலத்தில் இல்லை. பிரிட்டனில் வாரம் 35 மணி நேரமாவது ஒருவரைப் பார்த்துக்கொண்டால் பார்க்கிறவர் பெயரிலேயே உதவித்தொகை உண்டு. சிங்கப்பூரில் 2019 முதல் வீட்டுப் பராமரிப்புக்கு மானியம் தருகிறார்கள். அண்ணன் அதைச் சொன்னபோது ஏக்கமாகத்தான் இருந்தது. இங்கே கிடைப்பது பெரும்பாலும் நோயாளியின் பெயரில்தான் வரும். அதை விடாமல் வாங்குங்கள்.

எல்லோரும் முதலில் சொல்வது முதியோர் உதவித்தொகை. 2023இல் அதை 1000 ரூபாயிலிருந்து 1200 ஆக்கினார்கள். ஆனால் அது ஆதரவற்ற முதியோருக்கானது. சம்பாதிக்கிற மகன் இருக்கிறான், வீடு இருக்கிறது என்றால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அதற்காக அலைவதை விட, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு முதலில் போங்கள். பக்கவாதத்தில் கை கால் விழுந்தால் அது உடல் ஊனமாகவே கணக்கில் வரும். பார்க்கின்சன் நோயும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. வயதானவர்களுக்கு இது பொருந்தாது என்று நம் பக்கம் நிறையப் பேர் நினைத்துக்கொண்டு கேட்காமலே இருக்கிறார்கள்.

சான்றிதழில் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதலாம், மாதம் 2000 ரூபாய். அதோடு, எழுந்து உட்காரவே ஆள் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களின் உதவியாளருக்கு மாதம் 1000 ரூபாய் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவரை அரசு கணக்கில் எடுக்கிற ஒரே இடம் இதுதான் என்பதால் தொகை சிறியதானாலும் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் என்றால் சிவகங்கை. ராயவரம், அரிமளம், கடியாபட்டி என்றால் புதுக்கோட்டை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நாள் முழுவதையும் வீணாக்கிவிடும். பக்கவாதம் வந்த கை கொஞ்ச நாளில் மடங்கி இறுகிவிடும். ஆதார் ரேகை வைக்கும் கருவியில் அந்த விரலைப் பிரித்து வைக்கவே முடியாது. ஆத்தா வலியில் கண்ணீர் விட்டார்கள். பாதிக்காத கை விரலில் முயலச் சொல்லுங்கள், அதுவும் தேய்ந்திருந்தால் கண்ணை ஸ்கேன் செய்யும் கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு வண்டி எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒரே பையில் போட்டுவையுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு. 5 லட்சம் வரை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கும் செலவுக்குத்தான் அது உதவும். வீட்டில் ஓடும் செலவு, அதாவது டயப்பர், காற்று மெத்தை, மூக்குக் குழாய், மாத்திரை, பிசியோ, இவைதான் நம் கையைக் கடிப்பவை. இதற்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஓரளவு கைகொடுக்கும். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். தனியாரில் பிசியோ ஒரு தடவை வந்து போனாலே சில நூறு ரூபாய் என்பதால் இது உண்மையான பண உதவிதான்.

இதெல்லாம் சேர்ந்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் அழுத்திச் சொல்ல வருவது வேறு. உங்களுக்கு வர வேண்டிய பெரிய உதவி உங்கள் உடன்பிறந்தவர்களிடமிருந்துதான் வர வேண்டும், அது உதவியும் அல்ல, அவர்கள் பங்கு. அதை வாங்க ஒரே வழி கணக்கு எழுதுவது.

பெற்ற தாய்க்குக் கணக்கா என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். நம் செட்டிநாட்டில் இதைக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் ஒரே வீட்டுக்குள் வேறு வைக்கிற வழக்கம் நகரத்தார் வீடுகளில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது! ஒரே வளவு, ஒரே முகப்பு, அடுப்பு மட்டும் தனி, செலவு தனி. யாரும் அதைப் பாசக் குறைவு என்று சொன்னதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பெரியவர்கள் வாயில் எப்போதும் இருந்த சொல். கணக்குச் சுத்தமாக இருந்ததால்தான் அவ்வளவு பங்காளிகள் ஒரே கூரையின் கீழ் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

நான் செய்வது இது. ஒரு நீள நோட்டு. இடது பக்கம் வரவு: ஆத்தாவின் குடும்ப ஓய்வூதியம், டெபாசிட் வட்டி, அண்ணன் அனுப்பியது, தம்பி அனுப்பியது. வலது பக்கம் பற்று: டயப்பர் இரண்டு பாக்கெட், மருந்துக்கடை பில், சிவகங்கை போன வேன் வாடகை, ஏர் மெத்தை மோட்டார் ரிப்பேர். பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவேன். மாதக் கடைசியில் பக்கத்தைப் போட்டோ எடுத்து எங்கள் மூவருக்கான வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். ஒரு வரி கூட விளக்கம் எழுதுவதில்லை.

பற்றுப் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. பலர் எழுதத் தயங்குவது இதைத்தான். என் உழைப்பு. தங்கிப் பார்க்கும் ஆளுக்கு நாங்கள் விசாரித்தபோது மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்டார்கள், சாப்பாடு தனி. மூவரும் பேசி அதில் பாதியை என் பெயரில் எழுதுவது என்று முடிவு செய்தோம். எங்கள் அண்ணமிண்டிதான் (அண்ணன் மனைவி) அதை முதலில் ஒப்புக்கொண்டது. அவர்களும் தன் தாயை வருடக்கணக்கில் பார்த்தவர்கள், இரவு மூன்று மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது என்னவென்று தெரிந்தவர்கள். மகள்தானே, மருமகள்தானே, பாசத்தில் செய்கிறாள் என்று சொல்லியே நம் வீட்டுப் பெண்களின் வேலையை யாரும் எண்ணாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் சம்பளம் நின்றுபோயிற்று, பி.எஃப். நின்றுபோயிற்று. அம்மாவுக்குப் பிறகு உங்களுக்கு என்ன இருக்கும் என்பதையும் இப்போதே கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

உடன்பிறந்தவர்கள் உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பும் பணத்துக்கு உங்கள் கையில் வருமான வரி கிடையாது, எவ்வளவானாலும். வங்கி வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

வரி என்றதும் இன்னொன்று. இந்தியாவில் சம்பளம் வாங்கும் உடன்பிறந்தவர் பழைய வரிமுறையில் இருந்தால், தன்னைச் சார்ந்திருக்கும் ஊனமுற்ற பெற்றோருக்காக 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 80டிடி பிரிவு. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு 1,25,000 கழிவால் ஏறக்குறைய 39,000 ரூபாய் மிச்சமாகும். அந்தச் சான்றிதழை அலைந்து வாங்கியது நீங்கள். அந்த மிச்சம் அம்மா கணக்குக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தம்பி அப்படித்தான் செய்கிறான். புதிய வரிமுறையில் இந்தக் கழிவு கிடையாது, ஆகவே எது லாபம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். டெபாசிட் வட்டியில் வங்கி வரி பிடித்தால், அம்மாவுக்கு மொத்தத்தில் கட்ட வேண்டிய வரி இல்லாத பட்சத்தில் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் வீடு. இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு பணமில்லையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மூத்த குடிமக்கள் வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானம் 2007இல் இருந்தே நாட்டில் இருக்கிறது. ஆனால் அந்த வீடு அவர்கள் தாமே வாங்கியதாக, வில்லங்கம் இல்லாததாக இருக்க வேண்டும். நம் வீடுகள் பாட்டன் கட்டியவை, பங்குகள் பிரிந்து பிரிந்து கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மலேசியா வரை இருப்பார்கள். அந்த வழியை மறந்துவிடுங்கள். அதனால்தான் கஷ்டம் வந்தால் முதலில் தூண்களும் பித்தளை அண்டாக்களும் பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகின்றன. விற்க வேண்டி வந்தால் விற்கலாம், தாயை விடப் பொருள் பெரிதில்லை. ஆனால் எல்லோர் சம்மதத்தையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொண்டு, விற்ற தொகையை வரவில் எழுதுங்கள். கழுத்துருவும் மற்ற நகையும் அப்படித்தான். பின்னால் "நீ விற்றுத் தின்றாய்" என்ற பேச்சு வந்தால், இத்தனை வருடம் செய்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

பேசியும் கணக்குக் காட்டியும் உடன்பிறந்தவர் ஒரு பைசா தரவில்லை என்றால் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அம்மாவே மனுக் கொடுக்கலாம், முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவர் கொடுக்கலாம். காரைக்குடி வட்டத்துக்குத் தேவகோட்டைக் கோட்டம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பிள்ளை மேல் மட்டும் மனு வந்தால், அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளையும் சேர்க்கக் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவரிடம் வசூலிப்பது கடினம்தான். இருந்தாலும், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நோட்டீஸ் வந்ததுமே பணம் வரத் தொடங்கியது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567க்குப் பேசுங்கள்.

அம்மா உங்கள் பெயருக்கு ஏதாவது எழுதிவைக்க விரும்பினால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது அவருக்கும் காப்பு, உங்கள் நேர்மைக்கும் சாட்சி.

கடைசியாக வங்கி. இதை இந்த வாரமே செய்யுங்கள். அம்மாவுக்கு இப்போது நினைவு தெளிவாக இருந்தால், கணக்கில் உங்களையும் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்றிவிடுங்கள். நினைவு தப்பிவிட்டால் அவர் கொடுத்த அதிகாரப் பத்திரம் செல்லாது, அப்புறம் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட முடியாது என்பதற்காக மட்டும் வங்கி பணம் தர மறுக்க முடியாது. கைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை வைத்து, இரண்டு சாட்சிகள் முன்னால் எடுக்கலாம், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கும் முறை இது. கவுண்டரில் முடியாது என்றால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். 70 வயதுக்கு மேல் என்றால் வீட்டுக்கு வந்து பணம் கொடுக்கும் சேவையும் உண்டு, அதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.