பிள்ளை என்று தேடினால் ஊரே வந்து நிற்கும்: ஆவணக் காப்பகத் தேடல், கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம். "எங்கள் குடும்பப் பெயர் இன்னது. அதே பெயர் உள்ளவர்களை எந்த நூலகத்தில், எந்தக் காப்பகத்தில் தேடுவது?" இருபது வருடமாக இந்தக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று நிலையான ஒன்று இருந்ததில்லை. இன்றைக்கு அப்படித் தெரிவது அப்பா பெயராகவோ, சாதிப் பட்டமாகவோ, ஒரு குமாஸ்தாவின் கைவண்ணமாகவோ இருக்கும்.

டர்பனிலிருந்து ஒரு வாசகி: ஐயா, எங்கள் குடும்பப் பெயர் கவெண்டர். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். கப்பல் பட்டியலில் கவெண்டர் என்று தேடினால் பொருந்தி வரும் ஆள் ஒருவரும் இல்லை. எங்கே தப்பு?

தப்பு உங்களுடையது இல்லை அம்மா. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை பத்திகள் உண்டு. குடும்பப் பெயருக்கென்று பத்தி கிடையாது. உங்கள் கொள்ளுத்தாத்தா வெறும் அப்பாசாமியாகவோ முனுசாமியாகவோதான் கப்பலேறியிருப்பார். 'கவுண்டன்' என்பது சாதிப் பத்தியில் கிடக்கும். அது அங்கே பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் கவெண்டர் ஆகிவிட்டது. முதலியிலிருந்து மூட்லி வந்ததும் இப்படித்தான். சில வீடுகளில் தாத்தாவின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதனால் ஒரே தாத்தாவின் பேரர்கள் ஒருவர் முனுசாமி, இன்னொருவர் கவெண்டர் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். குடியேற்ற எண் என்று ஒன்று அவரோடு கடைசி வரை போயிருக்கும். திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, பிள்ளைகள் பிறந்த பதிவு, தோட்டத்தைப் பற்றிய புகார் என எதிலாவது அது இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள் உள்ளன. இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளையும் அங்கே பாருங்கள், பிள்ளைகள் பெயர் வரிசையாக வரும். எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் ஆளைப் பிடிப்பது ஐந்து நிமிட வேலை.

நானும் ஒருமுறை பெயரை நம்பி மோசம் போனவன்தான். ஒரு நண்பருக்காக முனுசாமி ஒருவரின் கிராமம் வரை போய், சொந்தம் கொண்டாடி, காபி குடித்துவிட்டு வந்தோம். மூன்று மாதம் கழித்து எண்ணைப் பார்த்தால் ஆள் வேறு! அதே கப்பலில் இன்னொரு முனுசாமி.

அதே வாசகி: கணினித் தேடலில் 'ஒலி ஒத்த பெயர்கள்' என்று ஒரு வசதி இருக்கிறதே, அது உதவாதா?

பாதி உதவும். அநேகமாக அது சவுண்டெக்ஸ் முறை, அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது. ஆங்கில எழுத்தில் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்களுக்கு எண் கொடுக்கும். பிள்ளை என்பதைக் கடைசியில் ஐ போட்டாலும் ஒய் போட்டாலும் பி400 என்றே வரும். நாயுடுவுக்கும் தொல்லை இல்லை. ஆனால் கவெண்டர் ஜி153, கவுண்டர் ஜி536. நடுவில் ஒரு 'வி' நுழைந்ததும் இரண்டும் அந்நியமாகிவிட்டன. செட்டியை 'சி'யில் எழுதினால் ஒன்று, 'எஸ்'ஸில் எழுதினால் இன்னொன்று. எழுத்து வேறுபாடுகளை நீங்களே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் நல்லது. பத்துப் பன்னிரண்டு தேறும்.

அப்புறம், ஊர் 'வட ஆர்க்காடு' என்று வந்தால் வேலூரோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கால வட ஆர்க்காட்டில் ராணிப்பேட்டை, ஆரணி, போளூர், வந்தவாசி எல்லாம் அடக்கம். 1911இல் தனி மாவட்டமான சித்தூர்தான் அதற்கு முன் அதன் தலைநகரம்.

சென்னை மாணவர்: சார், பிள்ளை பட்டம் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

இல்லை தம்பி. பல சாதிகள் வைத்துக்கொண்ட பட்டம் அது.

பாரிஸிலிருந்து, பூர்வீகம் புதுச்சேரி: எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். ஆனால் நாங்கள் கலப்பினம் இல்லை, கிறிஸ்தவர்களும் இல்லை. இந்தப் பெயர் எப்படி வந்தது?

உங்கள் கேள்விக்குத் தேதியோடு பதில் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் இருந்தவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று ஆனது. இப்படித் துறந்தவரை ரெனோன்சான் என்பார்கள். அப்படித் துறப்பவர் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு அறிவிக்க வேண்டும். சிலர் தமிழ்ப் பெயரையே வைத்தார்கள், சிலர் பிரெஞ்சுப் பெயர் எடுத்தார்கள். இந்த இயக்கத்தில் முன்னால் நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார் என்பதற்காகத் தடுக்கப்பட்டு, பிரான்ஸ் வரை வழக்குப் போய் ஜெயித்தவர். பிறகு லாபோர்த் ஆனார். சப்பாத்தில் ஆரம்பித்த கதை பெயரில் வந்து முடிந்தது என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு.

உங்களுக்கு இதில் ஒரு சௌகரியம், ஒரு சங்கடம். துறப்பு அறிவிப்பில் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்தே இருக்கும், அது ஒரு பாலம் மாதிரி. சங்கடம் என்னவென்றால், தனித்தனியே அறிவித்த அண்ணன் தம்பிகள் வேறு வேறு பெயர் எடுத்திருக்கலாம். சம்பந்தமே இல்லாத இருவர் ஒரே பெயரையும் எடுத்திருக்கலாம். பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசியக் காப்பகம், புதுச்சேரியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1881க்குப் பிந்தைய ஏடுகளில் தொடங்குங்கள்.

டொராண்டோவிலிருந்து: அண்ணை, யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதோட எங்கட பரம்பரை விபரமும் போயிட்டுது எண்டு அப்பா சொல்லுவார். இனித் தேட வழி உண்டோ?

1981இல் போனது ஏறத்தாழ 97,000 நூல்கள். அந்த இழப்புக்கு ஈடு கிடையாது தம்பி. ஆனால் குடும்ப விவரத்தைப் பொறுத்தவரை எல்லாமே அந்த ஒரு கட்டடத்தில் இருந்ததில்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் கல்வெட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன், இது கல்லில் வெட்டியது அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாளையொட்டி அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு அப்படிப் பெயர். இன்னார் மகன், இன்னாரைக் கட்டினவர், இன்னாருக்கு மருமகன் என்று வம்சமே பாட்டாக வரும். தேவாரமும் அடக்கம் என்பதால் யாரும் கிழித்துப் போடுவதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் பல ஏற்றப்பட்டிருக்கின்றன. பெயரைவிட ஊரைப் போட்டுத் தேடினால் பலன் அதிகம்.

அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத் தோம்புகள். நிலத்துச் சொந்தக்காரர் பெயர் எழுதிய ஏடுகள், கொழும்பில் இலங்கைத் தேசிய சுவடிக்கூடத்தில். அங்கேயும் குடும்பப் பெயர் எதிர்பார்க்க வேண்டாம். காணியின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதுதான் துருப்புச் சீட்டு. காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள்.

கொழும்பு வாசகர்: எங்கள் பூட்டனாரின் பெயரில் ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கிறது. அமெரிக்காவில் உறவினர் இருப்பார்களோ?

அவர் யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையிலோ உடுவிலிலோ படித்தவரா என்று பாருங்கள். அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னால்ட் என்றும் அழைக்கப்பட்டது இந்த மிஷன் உலகத்தில்தான். பெயர் ஒன்று, ரத்தம் வேறு. மிஷனின் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

நூலக அறிவியல் படிக்கும் மாணவி: வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் வையாபுரிப் பிள்ளையை எந்த எழுத்தில் தேடுவது சார்?

'வை'யில். தமிழ்ப் பெயரை ஆளின் சொந்தப் பெயரில்தான் பதிய வேண்டும், முதலெழுத்து பின்னால் வர வேண்டும் என்பதே பட்டியலாக்க விதி. நடைமுறையில் 'பிள்ளை'யைக் குடும்பப் பெயராக எண்ணி அங்கே போட்டுவிடுவோரும் உண்டு. இரண்டிலும் பாருங்கள்.

மதுரையிலிருந்து: தாத்தா காலப் பத்திரங்களில் பட்டம் இருக்கிறது, பிறகு காணோம். இரண்டும் ஒரே ஆள் என்று எப்படி உறுதி செய்வது?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகு பட்டத்தை உதறியவர்கள் பலர். நல்ல காரியம், தேடுகிறவனுக்குத்தான் தலைவலி. அப்பா பெயர், சர்வே எண், எல்லைக்காரர் பெயர் மூன்றும் ஒத்துப்போனால் ஆள் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றில் தொடங்கி, பிறகு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் நிலவரித் திட்டப் பதிவேடு, இனாம் பதிவேடு கேளுங்கள். கல்யாணப் பத்திரிகைகளையும் விடாதீர்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரிப்பில் பழைய அழைப்பிதழ்களும் உண்டு. தாய்மாமன் பெயர் வேறெங்கே கிடைக்கும்?

மொரீஷியஸ் வாசகர்: எங்களுக்கு ஏதாவது வழி?

உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறிகளின் பதிவேடுகளை வைத்திருக்கிறது, 1860களிலிருந்து ஒரு பகுதியினருக்குப் புகைப்படமும் உண்டு. போவதற்கு முன் உங்கள் பிறப்புச் சான்று, அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைமுறை விட்டுப்போனாலும் திரும்பி வர வேண்டியிருக்கும்.