எட்டு மாதக் குட்டிக்கு அப்போக்வெல் கொடுக்கலாமா?

உங்கள் எட்டு மாத லாப்ரடார் ராத்திரியெல்லாம் சொறிகிறது, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் அப்போக்வெல் என்ற அரிப்பு மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. 12 மாதம் நிரம்பாத நாய்க்கு அது கூடாது. அரிப்பை அடக்கும் அதே வேலையில் நோய் எதிர்ப்பையும் அது கொஞ்சம் தட்டிவிடும். பரிசோதனையில் குட்டிகளுக்கு நிமோனியாவும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வரும் சொறியும் வந்திருக்கின்றன. வளர்ந்த நாய்களுக்குப் பெரும்பாலும் வாந்தி, பேதியோடு போய்விடும். புற்றுநோய் இருந்தால் அவற்றுக்கும் ஆகாது.

முதலில் காதுமடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி, தெள்ளு இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். அப்புறம் டாக்டரிடம் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். டெமோடெக்ஸ் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதினால் பயப்படாதீர்கள். எங்கள் வீட்டுப் பயல் அதைச் சாப்பிட்ட வாரம் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்து ஹாலையே நனைத்துவிட்டான்! ஆனால் அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அவர் சொல்கிறபடி குறையுங்கள்.

இன்னொன்று, வீட்டிலிருக்கும் செட்ரிசின் அலர்ஜி மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் யோசனை இருந்தால் அட்டையைப் படியுங்கள். சூடோஎபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து சேர்ந்த சளி மாத்திரை நாய்க்கு விஷம்.