கரையருகே இடிந்து விழும் பனிப்பாறை: வாசகர் கேள்வி – பதில்

என் பேரன் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவில் படிக்கிறான். ஜூன் மாதம் ட்விலிங்கேட் என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தபோது, கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பனிப்பாறை ஒன்று கண்ணெதிரே இடிந்து விழுந்ததைப் படம் பிடித்து, "அப்பத்தா, சத்தத்தக் கேளுங்க" என்று அனுப்பியிருக்கிறான். படீரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஒரு பக்கம் முழுவதும் சரிகிறது. மீதியிருந்தது புரண்டு, அடியிலிருந்த நீலப் பக்கம் மேலே வருகிறது. காற்றும் இல்லை, பெரிய அலையும் இல்லை. அசையாமல் நின்ற பாறை எதனால் விழுந்தது? அடுத்த முறை படகில் போய்க் கிட்டத்தில் பார்க்கப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?
— பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி

ஆச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகட்டும், ஆனால் கிட்டத்தில் மட்டும் போக வேண்டாம். பனிப்பாறையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம், அல்லது நீருக்கு மேலே தெரியும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம், இவ்விரண்டில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்குள் நுழையக் கூடாது என்பது அந்தப் பகுதியில் பார்வையாளர்களுக்குச் சொல்லப்படும் விதி. படகோட்டி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்த விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாறை எந்த நொடியில் உடையும் என்று கணித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இனி, அது ஏன் விழுந்தது என்பது. ட்விலிங்கேட் கரைக்கு வந்து சேரும் பாறைகளில் பெரும்பாலானவை கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவை. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியான பனி, பனியாறுகளாக மெல்ல நகர்ந்து கடலைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் முனை உடைந்து மிதக்கத் தொடங்குகிறது. பிறகு பாஃபின் தீவை ஒட்டிய நீரோட்டமும் லாப்ரடார் நீரோட்டமும் அதைத் தெற்கே இழுத்து வருகின்றன. இந்தப் பயணத்துக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகும். இவ்வளவு காலம் கரையாமல் எப்படி வருகிறது என்று கேட்கலாம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்குவதற்குத் தேவையான வெப்பம், ஒரு கிலோ குளிர்ந்த நீரைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. குளிர்ந்த கடலில் அத்தனை வெப்பம் சேருவதற்கு நாளாகும்.

ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கரைவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீர்மட்டத்தில் அலை ஓயாமல் அடிப்பதால், பாறையைச் சுற்றி உள்வாங்கிய ஒரு வெட்டு உண்டாகிறது. மேலேயுள்ள சுவர் அடித்தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது; ஒரு கட்டத்தில் தன் பாரம் தாங்காமல் அறுந்து விழுகிறது. பகலில் உருகிய நீர் வெடிப்புகளில் இறங்கி அவற்றை மேலும் அகலப்படுத்துகிறது. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பாறையின் அடி பல நேரங்களில் தரை தட்டி நின்றுவிடும். உங்கள் பேரன் அசையாமல் நிற்பதாக நினைத்தது அநேகமாக இப்படித் தரை தட்டிய பாறையாக இருக்க வேண்டும். அப்படி நிற்பதுதான் அதற்குப் பெரும் சோதனை. ஒவ்வொரு ஏற்றவற்றத்தின்போதும் நீர் அதைத் தூக்கப் பார்க்கும், பின்பு இறக்கிவிடும். தரையில் மாட்டிய பகுதி நகராது. இடையில் உள்ள பனியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்ட அந்தப் படீர்ச் சத்தம், அத்தகைய விரிசல் ஒன்று பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடி முடிந்த சத்தம். அதற்குக் காற்றும் வேண்டாம், அலையும் வேண்டாம்.

புரண்டது அதன் தொடர்ச்சி. பனிக்கட்டி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 917 கிலோ எடை. கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. எனவே பாறையின் நிறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருந்தால்தான் அது மிதக்கும். ஒரு பக்கம் உடைந்து விழுந்ததும், சரக்கை ஒரு புறமாக இறக்கிவிட்ட தோணி மறுபுறம் சாய்வதைப் போல, மீதிப் பாறையின் சமநிலை குலைகிறது. புதிய சமநிலை கிடைக்கும் வரை அது சாயும், ஆடும், சில சமயம் தலைகீழாகவும் புரளும். அப்போது நீருக்கடியில் பக்கவாட்டில் நீண்டிருந்த பகுதி மேலே எழும்பி வரும். நெருங்கிப் போகும் படகுக்கு மேலிருந்து விழும் பனியால் மட்டுமல்ல, கீழிருந்து எழும்பும் இந்தப் பனியாலும் ஆபத்து உண்டு. தூரத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, பேரன் கரையில் நின்றபடியே ரசிக்கக்கூடியது. உடைந்த சிறு துண்டுகள் கரை ஒதுங்கும்போது அருகில் காதை வைத்துக் கேட்டால் சிடசிடவென்று ஓர் ஒலி விடாமல் கேட்கும். பனி இறுகிய காலத்தில் அகப்பட்டு, அழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்றுக் குமிழ்கள், கட்டி உருக உருக ஒவ்வொன்றாக வெடிக்கும் ஒலி அது. அந்தக் காற்று, மனிதன் நிலக்கரியை எரிக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முந்திய காற்று. அந்த ஒலியைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். இடிந்து விழுந்த சத்தத்தை விட அது எனக்கு மேலானது.

அடிப்பக்கம் மட்டும் ஏன் நீலமாக இருக்கிறது?
— காரைக்குடியிலிருந்து ஒரு பள்ளி மாணவி

பனிக்கட்டி ஒளியிலுள்ள சிவப்பைச் சற்று உறிஞ்சிக்கொள்ளும், நீலத்தை விட்டுவிடும். மேற்பரப்பில் காற்றுக் குமிழ்களும் வெயிலில் உதிர்ந்த பரல்களும் நிறைந்திருப்பதால், ஒளி உள்ளே போகுமுன்பே எல்லா நிறங்களும் சிதறி வெண்மையாகத் தெரிகிறது. அடிப்பக்கத்தைக் கடல் கழுவி வழவழப்பாக்கி வைத்திருக்கும். ஒளி ஆழமாகப் போய்த் திரும்புகிறது, நீலம் தெரிகிறது. சில பாறைகளில் கோடு போட்டாற்போல் அடர்நீலப் பட்டைகள் காணப்படும். அவை, பழைய வெடிப்பில் இறங்கிய நீர் குமிழின்றி மறுபடி உறைந்த இடங்கள்.

ஒரு பனிப்பாறை உடைந்து ஊரையே அலை அடித்துச் செல்லக்கூடும் என்று எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் பேச்சு வந்தது. உண்மையில் அப்படி நடந்திருக்கிறதா?
— தேவகோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்

அந்த அச்சத்தோடு ஓர் ஊர் சில நாட்களைக் கழித்தது உண்மை. 2018 ஜூலையில் கிரீன்லாந்தின் வடமேற்கில் உள்ள இன்னார்சூட் என்ற சிற்றூருக்கு அருகே, ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள பனிப்பாறை ஒன்று வந்து நின்றுவிட்டது. அதன் எடை 1 கோடியே 10 லட்சம் டன் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஊரின் மக்கள்தொகையோ 170 பேர் அளவில்தான். மின்நிலையமும் எரிபொருள் தொட்டிகளும் கரையை ஒட்டியே இருந்தன. பெரிய துண்டு ஒன்று உடைந்து விழுந்தாலும் எழும் அலை கரையோர வீடுகளுக்குள் புகுந்துவிடும் என்று, அங்கிருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல வேளையாக, காற்றும் நீரேற்றமும் சேர்ந்து பாறையை அங்கிருந்து தள்ளிக்கொண்டு போயின. ஊருக்குச் சேதமில்லை.

உங்கள் ஓய்வறைப் பேச்சில் இன்னொரு நிகழ்ச்சியும் கலந்திருக்கக்கூடும். அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஜூன் 17 அன்று, அதே மேற்குக் கரையில் நூகாட்சியாக் என்ற ஊரைப் பேரலை தாக்கி 4 பேர் இறந்தார்கள்; வீடுகள் கடலோடு போயின. ஆனால் அந்த அலையை எழுப்பியது பனிப்பாறை அன்று. மலைச்சரிவு ஒன்று இடிந்து குறுகிய கடற்கழிக்குள் விழுந்ததால் எழுந்த அலை அது. இன்னார்சூட் மக்கள் ஓராண்டுக்குப் பின் அவ்வளவு விரைவாக மேட்டுக்கு ஏறினார்கள் என்றால், அந்தத் துயரம் அவர்கள் நெஞ்சில் ஆறாமல் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்றும், அந்தப் பட்டினத்தைக் கடல் கொண்டது என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். இப்படிப் பனிப்பாறைகள் விழுந்துகொண்டே இருந்தால் நாளைக்குத் தொண்டிக் கரையும் அப்படி ஆகிவிடுமா?
— கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர்

இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனிப்பாறை இடிந்தாலும் உருகினாலும் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மிதக்கும்போதே தன் எடைக்கு ஈடான நீரை அது விலக்கிவிட்டது. கண்ணாடித் தம்ளரில் ஒரு பனிக்கட்டியைப் போட்டு, அது மிதக்கும்படி விளிம்பு வரை நீர் ஊற்றி, உருகும் வரை காத்திருந்தால் நீங்களே பார்க்கலாம். ஒரு சொட்டும் வழியாது. கடல் உயர்வது, நிலத்தின் மேல் இருக்கும் பனி கடலுக்குள் வந்து சேரும்போதுதான். எனவே ட்விலிங்கேட் கரையில் ஒரு பாறை விழுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அது அந்தப் பாறையின் இயல்பான முடிவு. மனிதன் தொழிற்சாலை கட்டுவதற்கு முன்பும் அவை இப்படியே விழுந்தன. கலங்க வேண்டியது, அது புறப்பட்ட இடத்தைப் பற்றித்தான்.

அந்த இடங்களில் பெயர்போனது கிரீன்லாந்தின் இலுலிசாட் நகருக்குப் பக்கத்தில் உள்ள பனியாறு. அதன் கடற்கழியை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டைட்டானிக் கப்பலை 1912இல் மூழ்கடித்த பாறை இங்கிருந்தே வந்திருக்கலாம் என்ற கருத்து பரவலாக உண்டு. இந்தப் பனியாற்றுக்கு முன்னால் கடலில் நீண்டு மிதந்த பனிநாக்கு, பின்புறப் பனியை ஓரளவு தடுத்து நிறுத்தியிருந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் அந்த நாக்கு நொறுங்கிப் போயிற்று. அதன்பின் பனியாறு வேகம் பிடித்து, 2012 கோடையில் நாளொன்றுக்கு 40 மீட்டருக்கும் மேல் ஓடியது. கிரீன்லாந்து முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2002 முதல் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 கோடி டன் பனியை அது இழந்துவருகிறது. அதன் பனி அத்தனையும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றாலும், உயர்வு இப்போதே நடந்துகொண்டிருக்கிறது: 1900க்குப் பின் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கும் மேல். இதில் கடல்நீர் சூடாகி விரிவதற்கும் பெரிய பங்கு உண்டு.

தொண்டி போன்ற தாழ்ந்த கரைக்கு இதன் பொருள், ஒரு நாள் இரவில் கடல் ஊரை விழுங்கும் என்பதன்று. புயல் வரும்போது நீர் முன்னை விட உள்ளே வரும், கிணறுகள் உவர்ப்பேறும், மணற்கரை அரிபடும். மீனவக் குடும்பங்கள்தான் இதை முதலில் அனுபவிக்கின்றன, அவர்களுடைய பேச்சைத்தான் நாம் கடைசியில் கேட்கிறோம் என்பது எனக்கு வருத்தம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பொறுத்தவரை, பனியுகம் முடிந்து உருகிய நீரால் கடல் 120 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெரிய உயர்வு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அடங்கிவிட்டது. தொண்டிக்கும் இலங்கைக்கும் நடுவே இன்று கடலாக இருக்கும் இடம் அதற்கு முன்பு தரையாக இருந்தது. பட்டினத்தைக் கடல் கொண்டது அதற்கு வெகு பிந்திய செய்தி. ஆகவே காரணத்தைப் புயலிலோ, ஆழிப்பேரலையிலோ, கரை அரிப்பிலோ தேட வேண்டுமே தவிரப் பனி உருகலில் அன்று.

இவ்வளவு நல்ல தண்ணீர் கடலில் வீணாகிறதே. எங்கள் ஊருணி மூன்று மாதம் காய்ந்து கிடக்கிறது. பனிப்பாறையை இழுத்து வந்தால் என்ன?
— கோட்டையூரிலிருந்து ஒரு விவசாயி

தண்ணீர் நல்ல தண்ணீர்தான். பனிப்பாறை வானிலிருந்து பெய்த பனியிலிருந்து வந்ததே ஒழியக் கடல்நீர் உறைந்ததன்று. நியூஃபவுண்ட்லாந்தில் உடைந்த துண்டுகளை வலை போட்டு அள்ளிப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். பாறைகளை இழுப்பதும் அங்கே புதிதன்று. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளை நோக்கிப் பாறை வந்தால், கப்பல்கள் அதைச் சுற்றிக் கயிறு போட்டு வழியைச் சற்றே திருப்பிவிடும். இழுக்கும்போது பாறை புரண்டு கயிறு நழுவுவது அங்கே சாதாரணம்.

வறண்ட நாட்டுக்கு இழுத்துப் போகும் திட்டங்களும் வந்தன. 1977இல் சவூதி இளவரசர் ஒருவரின் முயற்சியால் அமெரிக்காவில் இதற்கென்றே மாநாடு கூடியது; 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் தாகத்தில் தவித்தபோது மீண்டும் பேசினார்கள். ஒன்றும் நிறைவேறவில்லை. வெப்பக் கடலில் நுழைந்ததும், மேலே ஆச்சிக்குச் சொன்ன அதே வெட்டும் விரிசலும் பல மடங்கு வேகத்தில் உண்டாகும். பாதி வழியிலேயே பாறை துண்டு துண்டாகிவிடும்.

பனிக்கட்டி நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்ததென்னவோ உண்மை. 1833இல் டஸ்கனி என்ற கப்பல் பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 180 டன் ஏரிப் பனியுடன் புறப்பட்டு, நான்கு மாதத்தில் கல்கத்தா வந்தபோது 100 டன் மிச்சமிருந்தது. அந்த வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. கட்டிகளாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலுக்குள் அடுக்கிக் கொண்டுவந்ததால் அது முடிந்தது. திறந்த கடலில் மிதக்கும் பாறையை அப்படிப் பொதிய இயலாது. எனவே, உங்கள் ஊருணிக்கு மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால்களை ஐப்பசிக்கு முன் தூர் வாரி வைக்க ஊரில் ஏற்பாடு செய்யுங்கள்.