பொட்டல்காட்டு முட்டைகள்: கேள்வி பதில்

திருமங்கலம் பக்கத்து விவசாயி: அண்ணே, எங்கள் தரிசில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருக்கிறது. கூடே இல்லை. இந்தச் சித்திரை வெயிலில் அவிந்துவிடாதா?

பதில்: கூடு இருக்கிறது தம்பி, உற்றுப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, சுற்றிலும் பொடிக்கல், ஆட்டுப் புழுக்கை. அவ்வளவுதான் அதற்குக் கூடு. மதிய வெயிலில் அது முட்டைக்குச் சூடேற்ற உட்காரவில்லை, நிழல் கொடுக்க உட்காருகிறது. நாகமலை அடிவாரத்தில் ஒருநாள் பார்த்தேன். கண்மாயில் மிச்சமிருந்த குட்டையில் வயிற்றை அமுக்கி அமுக்கி நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தது. அது எழுந்தபோது முட்டை ஓடு ஈரத்தில் கருத்துத் தெரிந்தது. அன்றிலிருந்து ஆள்காட்டி கத்தினால் நான் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

மேலூர் ஆசிரியை: பாலைவனத்தில் குட்டைக்கு எங்கே போகும்?

பதில்: கல்கௌதாரியைக் கேளுங்கள் டீச்சர். தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளிலும் இந்த இனம் உண்டு. இதன் குஞ்சுகள் தின்பது காய்ந்த விதை. அதில் ஈரம் கிடையாது. அதனால் சேவல் தொலைவிலுள்ள நீர்நிலைக்குப் பறந்துபோய், வயிற்று இறகில் தண்ணீரை ஊறவைத்துக்கொண்டு திரும்பும். அந்த இறகின் இழைகள் சுருள் சுருளாக இருக்கும். நனைந்ததும் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். குஞ்சுகள் அப்பன் வயிற்றடியில் நின்று இறகைச் சப்பிக் குடிக்கும். 1896இல் இங்கிலாந்தில் இதை வளர்த்துப் பார்த்த மீட்-வால்டோ எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் கேட், மெக்லீன் என்ற இருவர் கலஹாரி பாலைவனத்தில் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். எனக்குத் தெரிந்த தகப்பன் கதைகளில் இதற்கு ஈடு இல்லை.

கல்லூரி மாணவர், மதுரை: நெருப்புக்கோழியில் யார் அடைகாப்பது?

பதில்: பகலில் மண்நிறப் பெட்டை, இரவில் கருப்புச் சேவல். அந்தந்த வேளைக்கு அந்தந்த நிறம் கண்ணில் படாது.

திருமங்கலத்துக்காரரே மறுபடி: நாளை உழ டிராக்டர் வருகிறது. முட்டையை எடுத்து வரப்போரம் வைக்கட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. இடம் மாறினால் தாய் அந்த முட்டையைக் கைவிட்டுவிடலாம். குழியைச் சுற்றி ஒரு கட்டில் அகலம் விட்டு உழச் சொல்லுங்கள். டிரைவருக்குத் தெரிய ஒரு குச்சி நட்டால் போதும். மதியத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். நீங்கள் நிற்கிறவரை முட்டை வெயிலில் கிடக்கும். இட்டதிலிருந்து சுமார் நான்கு வாரம்தான். பொரிந்த அன்றே குஞ்சுகள் நடந்துவிடும், அப்புறம் அந்த இடத்தையும் உழுதுகொள்ளலாம்.