டீசல் கொட்டினால் முதலில் காக்க வேண்டியது கால்வாயை

மலேசியாவின் பிறை நகரில் லாரிப் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "200 லிட்டர் டீசல் பீப்பாய்கள் நான்கு வைத்திருக்கிறேன். எண்ணெய் கொட்டினால் மரத்தூள் தூவி, சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுவோம். முறையான சாதனங்கள் வாங்க நினைக்கிறேன். எவற்றை வாங்கலாம்?"

ஐயா, முதலில் அந்தச் சவர்க்காரத்தை நிறுத்துங்கள். அது எண்ணெயை அழிப்பதில்லை. பொடித் துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்ததை எண்ணெய் பிரிக்கும் தொட்டியாலும் பிடிக்க முடியாது. நேராகக் கால்வாய்க்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போய்விடும்.

ஆகவே முதல் செலவு கால்வாய்க்கே. வடிகால் வாயின்மேல் விரித்தால் ஒட்டிக்கொள்ளும் பாலியூரிதேன் விரிப்பு ஒன்று வாங்குங்கள். அடுத்து, எண்ணெயைச் சுற்றி அணைபோட, உறிஞ்சும் பொருள் அடைத்த நீண்ட துணிக் குழல்கள். அதன் பிறகுதான் உறிஞ்சு தாள்கள்.

தாளில் நிறத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் வெள்ளை எண்ணெய்க்கு மட்டும். சாம்பல் நிறம் எல்லாத் திரவத்துக்கும். வாங்குமுன் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி டீசலை விட்டு இரண்டையும் போட்டுப் பாருங்கள். வெள்ளை மிதந்தபடியே எண்ணெய்ப் படலத்தை இழுத்துக்கொள்ளும். சாம்பல் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துக் கனத்துவிடும், மரத்தூளைப் போலவே. சாயங்கால மழை கொட்டும் நம் ஊரில் திறந்த முற்றத்துக்கு வெள்ளைதான் சரி.

இந்தச் சாதனங்கள் சேர்ந்தே பெட்டியாகவும் கிடைக்கும். அதன்மேல் எழுதிய லிட்டர் கணக்கு பெட்டியின் கொள்ளளவா, உள்ளிருப்பவை உறிஞ்சும் அளவா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பலர் ஏமாறும் இடம் இது. ஒரு பீப்பாய் முழுவதும் கவிழ்ந்தால் தாளால் மட்டும் சமாளிக்க முடியாது. கைப்பம்பும் காலி பீப்பாயும் வேண்டும். பீப்பாய்களுக்கு அடியில் கசிவைப் பிடிக்கும் தாங்குதட்டு வைத்தால் பாதி வேலை மிச்சம்.

கையுறை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பராக இருக்கட்டும். ரப்பர் விளையும் நாட்டில் இதைச் சொல்வது வருத்தம்தான், ஆனால் இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். கொட்டியது பெட்ரோல் என்றால் எதையும் தொடாமல் ஆட்களை வெளியேற்றி 999-ஐ அழையுங்கள்.

எண்ணெய் ஊறிய தாளும் மண்ணும் சாதாரணக் குப்பையல்ல. அபாயக் கழிவுகளுக்கான மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கசிவைத் துப்புரவு செய்ததில் சேரும் மாசுபட்ட மண்ணுக்கு எஸ்.டபிள்யூ. 408 என்ற குறியீடு உண்டு. மூடியுள்ள பீப்பாயில் அடைத்து, குறியீட்டையும் தேதியையும் ஒட்டி, சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவரிடம் 180 நாளுக்குள் ஒப்படையுங்கள்.

பெட்டியை அலுவலக அறையில் பூட்டி வைக்க வேண்டாம். பீப்பாய்கள் பக்கமே, பட்டறையின் கடைசிப் பையனின் கைக்கும் எட்டும்படி வையுங்கள்.