பிளஸ் டூ முடித்த மகளை ஓவியமும் கிராஃபிக் டிசைனும் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆனால் இப்போது வேண்டாம். இங்கே இளங்கலை முடிக்கட்டும், முதுகலைக்கு அனுப்புங்கள்.

மகள் நன்றாக வரைவாள், ஒரு கன்சல்டன்சியில் லண்டனுக்கு மொத்தமாக ஒரு கோடிக்கு மேல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் "படம் வரையறதுக்கு எதுக்கு ஃபாரின்?" என்று கேட்கிறார்கள், மேக்புக் இப்போதே வாங்க வேண்டுமா என்று தெரியவில்லை. இவ்வளவும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. பெரியவர்கள் கேட்டதாக எழுதியிருக்கும் அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. என் பெரியப்பா இதே கேள்வியை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்கவில்லை. அப்பா இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின்மேன். "அவ பார்த்துக்குவா அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் ஒழுங்காகப் படித்தேன்.

நான் படித்தது எழும்பூர் ஓவியக் கல்லூரி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். "கவர்ன்மென்ட் காலேஜா?" என்று முகம் சுளிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 1850இல் தொடங்கிய இடம் அது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே முதல்வராக இருந்தவர்தான். கட்டணம் ஒரு மெஷின்மேன் கட்டக்கூடியது. கட்டடம் பழசு, கம்ப்யூட்டர் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் கையால் வரைவது, களிமண், மரக்கட்டை அச்சு, எழுத்து எழுதுவது எல்லாம் விரலில் ஏறிவிடும். இந்த அடித்தளம் இல்லாமல் வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகள், அங்கே போய் அடித்தளத்துக்கே பவுண்டிலும் டாலரிலும் பணம் கட்டுகிறார்கள். பிரிட்டனில் பலரை முதலில் ஒரு வருட ஃபவுண்டேஷன் படிப்பில்தான் சேர்ப்பார்கள். ஜெர்மனியிலோ நம் பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு நேராக இளங்கலையில் சேர்வது பொதுவாக முடியாது, இடையில் ஆயத்த வருடம் வரும். இங்கே பட்டம் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பெரிய கலைப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல். அமெரிக்காவில் பெயர் பெற்ற தனியார் டிசைன் பள்ளிகளில் 60,000 டாலர் வரை, அதற்கு மேலும் போகும். அமெரிக்கா என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கிராஃபிக் டிசைன் பெரும்பாலும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) பட்டியலில் வராது. அதனால் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க 12 மாத அனுமதிதான், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கிடைக்காது. டிஜிட்டல் மீடியா மாதிரி பெயரில் உள்ள சில படிப்புகள் அந்தப் பட்டியலில் உண்டு. சேர்வதற்கு முன்பே அந்தப் படிப்பின் வகைக் குறியீட்டைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் போனது ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். புர்க் கீபிஷன்ஸ்டைன் கலை, வடிவமைப்புப் பல்கலைக்கழகம். கல்விக் கட்டணம் என்று எதுவும் கட்டவில்லை, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். (எல்லா மாநிலமும் இப்படி இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்கில் 2017இலிருந்து நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.) ஆனால் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவு என்று மட்டுமே எடுக்க விடும் வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். இப்போது அது 11,904 யூரோ. மாதாமாதம் அதிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்வோம். பாடம் ஜெர்மன் மொழியில். நுங்கம்பாக்கம் ரட்லாண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் வேலை முடித்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன்.

"ஜெர்மனிக்குப் போனவள் ஜெர்மனியைத்தான் புகழ்வாள்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். லண்டன் போய் நன்றாக இருப்பவர்கள் நிறைய பேர் உண்டு, மறுக்கவில்லை. கடன் வாங்காமல் அனுப்ப வசதி இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். வீட்டை அடமானம் வைக்கும் குடும்பங்களுக்காகத்தான் நான் எழுதுகிறேன்.

சரி, அங்கே அப்படி என்ன கிடைத்தது? சாஃப்ட்வேர் இல்லை. ஃபோட்டோஷாப்பும் இன்டிசைனும் கற்றுக்கொள்ளத்தான் போகிறாள் என்றால் விமான டிக்கெட்டே வேண்டாம். அங்கே கிடைத்தது, செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்லும் பழக்கம். தமிழும் ஜெர்மனும் சேர்ந்த ஒரு போஸ்டர் செய்து மாட்டியிருந்தேன். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத வகுப்புத் தோழி ஒருத்தி, மூன்றாவது வரியில் கண் சிக்குகிறது என்றாள். பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். தமிழுக்கு ஏன் வரி இடைவெளி அதிகம் வேண்டும்? எழுத்து ஏன் இவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது? கி, கீயில் மேலே ஏறும் கொக்கியும் கு, கூவில் கீழே இறங்கும் சுழியும் அடுத்தடுத்த வரிகளில் மோதுவதை அன்று சுவரில் விரல் வைத்துக் காட்டினேன். சொற்கள் நீளமானவை, இடையில் வெள்ளை குறைவு, அதனால் பத்தியே கனமாகத் தெரிகிறது என்றும் சொன்னேன். அவர் விடவில்லை. "அப்படியானால் உன் எழுத்துருவில் இதற்கு என்ன செய்தாய்?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் என் முதுகலைத் திட்டம் பிறந்தது. இப்படி ஒரு கேள்வியை இங்கே எந்த வேலையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இங்கே கேட்பது "எப்போ முடியும்?"

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தாரே, அதற்கான தமிழ் அச்செழுத்துகள் முதலில் வார்க்கப்பட்டது இந்த ஹாலேவில்தான். 1713இல் கப்பலில் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாகத் தின்றது. பிறகு பொறையாறில் சின்ன எழுத்து வார்த்து, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். ஹாலேவில் ஃபிராங்கே அறநிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகளும் அந்தக் காலத்து அச்சு நூல்களும் இருக்கின்றன. முன்அனுமதி வாங்கி அங்கே உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். ஒரு பக்கத்தின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஜாஸ்தி கொடுத்திருக்கான், பின்பக்கம் தெரியுது பார்" என்றார். அதை அப்படியே ஜெர்மனில் மாற்றி வகுப்பில் சொன்னேன். பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் கடைப் பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று விதி. அளவைத்தான் பார்க்கிறார்கள், எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கு நல்ல எழுத்துரு தேடி எடுக்கிறார்கள். தமிழை மட்டும் ஏதோ ஒன்றில் அடித்து, கொடுத்த இடத்துக்குப் பொருந்தும்படி பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். அண்ணா சாலையில் ஒரு பெரிய கடையின் விளம்பரத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. பண்டிகை முடியும் வரை அப்படியே இருந்தது. மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட நம் எழுத்து தகுதியில்லையா? கைக்கு வலி வர வர பேனரில் தமிழ் எழுதிய ஓவியர்கள் இருந்த ஊர் சார் இது. எனக்கு ஆறவே இல்லை.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது சேர்க்கைக்குக் காட்ட வேண்டிய படத் தொகுப்புக்கு, வருகிறேன். "நாங்களே தயார் செய்து தருகிறோம்" என்று உங்கள் கன்சல்டன்சி சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். என்னிடமும் ஓர் இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள், அதற்குத் தனிக் கட்டணமும் சொன்னார்கள். நேர்முகத்தில் ஒவ்வொரு படத்தையும் காட்டி ஏன், எப்படி என்று கேட்பார்கள். மகள் கையால் வராத படத்துக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? முடித்த படங்களை விட, கிறுக்கி அடித்துத் திருத்திய நோட்டுதான் அவர்களுக்கு முக்கியம். என்னிடம் அதிக நேரம் கேட்டது, ஆண்டர்சன் தெரு கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் நின்று எழுத்துகளைப் பார்த்து வரைந்த பக்கங்களைப் பற்றித்தான்.

வேலையைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஜெர்மனியில் படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். நான் அங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்துக் கடனை அடைத்தேன், பிறகு திரும்பி வந்தேன். இப்போது பெரம்பூரில் வீட்டு மாடியில் இருந்தபடி புத்தக வடிவமைப்பும் தமிழ் எழுத்துருவும் செய்கிறேன். சாஃப்ட்வேர் கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள், அந்த அளவு வராது. வீடு நடக்கிறது. "ஏஐ வந்துவிட்டது, இனி டிசைனர் எதற்கு?" என்பவர்களிடம், அது தமிழில் போட்ட போஸ்டர்களில் எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேக்புக் இப்போது வேண்டாம். முதல் இரண்டு வருடம் பென்சிலும் போஸ்டர் கலரும்தான். இப்போது எழும்பூர் நுழைவுத் தேர்வுக்கு ஆள் உருவம் வரைந்து பழகட்டும். சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களை விட நல்ல மாடல் கிடைக்காது, காசும் கேட்க மாட்டார்கள். அந்த மேக்புக் பணத்தில் ஜெர்மன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.